அந்தமான் காட்டுப்பன்றி யாருடைய வேட்டை?

கேள்வி இது: "டிசம்பரில் நண்பர்கள் நாலு பேர் அந்தமான் போகிறோம். அங்கே காட்டுப்பன்றி நிறைய என்றும், வடக்கு அந்தமான் பக்கம் உள்ளூர் ஆள் கிடைத்தால் இரவில் காட்டுக்குக் கூட்டிப் போவார் என்றும் கேள்விப்பட்டோம். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் பன்றியைச் சுட இப்போது அனுமதி கொடுக்கிறார்களே, தீவில் யாரிடம் அனுமதி வாங்குவது? வேட்டை வாய்ப்பு எப்படி இருக்கும்?"

வாய்ப்பு இல்லை. உங்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரி அங்கே யாரும் இல்லை. அந்த "உள்ளூர் ஆள்" உங்களைக் கூட்டிப் போனால் அது கள்ள வேட்டை. பிடிபட்டால் அவரோடு நீங்களும் சிறைக்குப் போவீர்கள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் போர்ட் பிளேரில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான் (2024 முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம், எனக்கு வாயில் பழைய பெயர்தான் வருகிறது). இந்தக் கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டுக் கேட்டு, ஏன் கூடாது என்பதை ஒரு முறையாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் கேரளா, தமிழ்நாடு ஒப்பீட்டை எடுத்துக்கொள்வோம். கேரளாவில் 2022ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் போனது. பயிரை அழிக்கும் பன்றியை, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரை வைத்துச் சுட அவர்கள் அனுமதிக்கலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பு இன்னும் கட்டுப்பாடானது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதைத் தாண்டி வந்தால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். இரண்டுமே மரவள்ளியும் கடலையும் போட்டுவிட்டு இரவெல்லாம் கண் விழிக்கும் விவசாயிக்காக வந்தவை. பொழுதுபோக்காகச் சுட வருகிறவருக்கு எங்கேயும் கதவு திறக்கவில்லை.

அந்தமான் பன்றியின் கதை சட்டத்திலேயே வேறு. நம் ஊர்க் காட்டுப்பன்றியை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மூன்றாம் பட்டியலில் வைத்தது. அதே சட்டம் அந்தமான் காட்டுப்பன்றியைப் புலி, யானையோடு முதல் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியல் விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பார்த்தால் நம் ஊர்ப் பன்றியை விடச் சிறியது, கருப்பு, குட்டைக்கால். பிளித் என்ற விலங்கியலாளர் 1858ல் இதைத் தனி இனமாக விவரித்தார். இப்போது காட்டுப்பன்றியின் ஒரு கிளையினமாகக் கொள்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லை, இந்தத் தீவுகளில் மட்டும்தான்.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் அரைகுறையாகச் சொல்லக்கூடும். அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு 1967 ஏப்ரல் 28ஆம் தேதி அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. அது அவர்கள் உரிமை. அவர்களோடு கூடப் போகிற விருந்தாளிக்கு அது ஒட்டாது. அதோடு நிக்கோபார் பக்கம் சுற்றுலாப் பயணி கப்பல் ஏறவே முடியாது, பழங்குடிப் பகுதிக்கான தனி அனுமதிச் சீட்டு வேண்டும்.

சட்டம் இவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை சட்டம் இரண்டாவது காரணம். முதல் காரணம், அந்தப் பன்றிக்கு ஏற்கெனவே வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. தரையில் பன்றியை அடித்துச் சாப்பிடும் பெரிய மிருகமே கிடையாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த இடத்தில் இருந்தவர்கள் மனிதர்கள்: தெற்கு, நடு அந்தமானின் மேற்குக் கரையில் ஜரவா, சின்ன அந்தமானில் ஓங்கே, வடசென்டினல் தீவில் சென்டினல் மக்கள், ஒரு காலத்தில் வடக்கு, நடு, தெற்கு அந்தமானில் பரவியிருந்த பெரிய அந்தமானியர். இவர்கள் பயிர் செய்யவில்லை. மாடு, ஆடு, கோழி வளர்க்கவில்லை. மீன், நண்டு, ஆமை, உடும்பு, கிழங்கு, பழம், தேன் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு குடியிருப்பு முழுவதும் உட்கார்ந்து சாப்பிடும் கறி, கொழுப்போடு சேர்ந்த கறி, காட்டுக்குள் பன்றியிடமிருந்துதான்.

அவர்கள் வேட்டையாடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வில்லும் அம்பும்தான். அந்தமானில் 1858ல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு போடும் வரை நாயே கிடையாது. அப்புறம்தான் பெரிய அந்தமானியரும் ஓங்கேக்களும் நாய் வைத்துப் பன்றி துரத்தக் கற்றுக்கொண்டார்கள். ஜரவாக்கள் நாய் இல்லாமலே, தடம் பார்த்து, காற்றின் திசை பார்த்து, சத்தமில்லாமல் நெருங்கித்தான் அடித்து வந்தார்கள். அந்தக் காட்டில் ஒரு முறை நடந்து பார்த்தவருக்குத் தெரியும் இது எவ்வளவு கஷ்டம் என்று. பிரம்பு முள் சட்டையைப் பிடிக்கும், கால் வைத்தால் சேறு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, மழைக்காலத்தில் அட்டை.

அந்தக் காட்டுக்கு ஏற்ற மாதிரி அவர்கள் செய்த அம்பு ஒன்று இருக்கிறது. ஓங்கேக்களும் பெரிய அந்தமானியரும் பன்றிக்கென்றே செய்த அம்பு அது. இரும்பு முனை தண்டோடு இறுக்கமாக ஒட்டியிருக்காது. சும்மா செருகி, ஒரு கயிற்றால் இரண்டையும் இணைத்திருப்பார்கள். அம்பு தைத்ததும் முனை சதைக்குள் தங்கிவிடும், தண்டு கழன்று கயிற்றில் தொங்கும். பன்றி ஓடும்போது தண்டு பின்னால் இழுபட்டுப் போய்ப் புதரில் குறுக்காக மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பன்றியால் ஓட முடியாது. காயத்தோடு தப்பி எங்கேயோ போய்ச் செத்து, கறி வீணாவது இதனால் குறையும். திறந்த வெளியில் இந்த அம்பால் பிரயோசனம் இல்லை. நெருக்கமான காட்டில்தான் வேலை செய்யும். அடர்ந்த காடு வேட்டைக்காரனுக்கு இடைஞ்சல் என்று நாம் நினைப்போம், அவர்கள் அந்த இடைஞ்சலையே கருவியாக்கியிருக்கிறார்கள். முனைக்கு வேண்டிய இரும்பு ஆரம்பத்தில் எங்கிருந்து வந்தது தெரியுமா? கரையில் மோதி உடைந்த கப்பல்களிலிருந்து.

எல்லாக் காலத்திலும் பன்றி அடிப்பதில்லை. கோடையில் பன்றி இளைத்திருக்கும், அது தேன் காலம். மழை பிடித்து, பன்றி கொழுத்த பிறகு காட்டுக்குள் வேட்டை சூடு பிடிக்கும். 1906 முதல் 1908 வரை பெரிய அந்தமானியரிடையே தங்கிய மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் இந்தப் பருவ ஒழுங்கை எழுதி வைத்திருக்கிறார். பருவம் வந்த பையனும் பெண்ணும் சில காலம் ஆமைக்கறி, பன்றிக்கறி எல்லாம் விலக்கி, அப்புறம் சடங்கோடுதான் மறுபடி சாப்பிடத் தொடங்க வேண்டும். பன்றிக்கறிச் சடங்கில் அடித்து வந்த ஆண் பன்றியின் உடலை அந்த இளைஞனின் முதுகில் வைத்து அழுத்துவார்கள், அதன் பலமும் துணிவும் அவனுக்கு வரட்டும் என்று. ஓங்கே இளைஞன் பெரியவன் ஆகும் சடங்கிலும் பன்றி வேட்டை உண்டு. அடித்த பன்றியின் மண்டை ஓட்டைப் பிரம்பால் அழகாகப் பின்னிக் கட்டி வீட்டில் தொங்கவிடுவார்கள். நம் வீட்டில் பொம்மை வைக்கும் மாடம் போல ஒரு இடம் அதற்கு.

இப்போது அவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஜரவா 380 பேர், ஓங்கே 101, பெரிய அந்தமானியர் 44. ஓங்கேக்கள் 1901ல் 672 பேர் என்று கணக்கிட்டிருந்தார்கள். இடையில் நடந்தது என்ன என்று தனியாகவே எழுத வேண்டும்: நோய், மரம் வெட்டு, குடியேற்றம். அவர்களைச் சுற்றி மூன்றரை லட்சம் பேருக்கு மேல் நாம் இருக்கிறோம், நம் தமிழர்களும் அதில் நிறையப் பேர்.

அப்படியானால் கள்ள வேட்டை என்ன செய்கிறது? ஜரவாக் காப்பகத்தின் (ஜரவாக்களுக்கென்று ஒதுக்கிய காட்டின்) எல்லையை ஒட்டி ஊர்கள் இருக்கின்றன. கம்பிச் சுருக்கு, நாய், நாட்டுத் துப்பாக்கி என்று உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் நண்டுக்கும் மீனுக்கும் போவார்கள், சிலர் பன்றிக்கே போவார்கள். கம்பிச் சுருக்குதான் ரொம்ப மோசம். ஒருவர் ஒரே இரவில் இருபது முப்பது போட்டுவிட்டு வந்துவிடலாம். சினைப்பன்றி, குட்டி என்று பார்க்காது, போட்டவன் திரும்பி வராவிட்டாலும் பிடித்து வைத்துக் கொல்லும். எல்லையோரத்தில் பன்றி கிடைப்பது குறைந்துவிட்டது என்று ஜரவாக்களோடு பழகி வேலை பார்த்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இன்னொரு கொடுமை, சில இடங்களில் புகையிலையும் சாராயமும் கொடுத்து ஜரவாக்களிடமிருந்தே கறியும் தேனும் நண்டும் வாங்குவது. அந்தப் பையன்களுக்கு அதுவரை புகையிலை என்றால் என்னவென்றே தெரியாது.

அங்கே புள்ளிமான் நிறைய இருக்கிறதே, பன்றி போனால் மானைச் சாப்பிட மாட்டார்களா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். புள்ளிமான் ஆங்கிலேயர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னும் மிருகம் இல்லாததால் பெருகி, தீவுக்குத் தீவு நீந்திப் பரவி, இளஞ்செடிகளை மேய்ந்து தள்ளுகிறது. மரபாக ஜரவாக்கள் மானைத் தொடுவதில்லை. அது அவர்களுக்கு வந்தேறி விலங்கு, உணவில்லை. மேய்ச்சலில் மான் கூடுவதால் அவர்கள் சட்டி நிறையாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குப் போன புதிதில் ஒரு வீட்டு விருந்தில் காட்டுப்பன்றிக் கறி போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, காப்பக எல்லையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், அறுத்தெடுத்த கம்பிச் சுருக்குகளை ஒரு சாக்கு நிறையக் கொட்டிக் காட்டினார். வண்டியின் பிரேக் கம்பியைப் பிரித்துச் செய்தவை. சிலதில் முடி ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கறி எனக்கு வேண்டாம். நீங்கள் போகும்போதும் யாராவது சாலையோரத்தில் "ஜங்கிள் கறி" என்று காதில் சொல்லுவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். 380 பேருடைய பங்கிலிருந்து எடுத்தது அது.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக் கழிக்க மனம் வரவில்லை. தீவுகளில் பன்றி என்றாலே நாசம், கொன்றால் நல்லதுதானே என்பது. பல தீவுகளில் அது முழு உண்மை. பசிபிக்கில், மெக்சிகோ கரைக்கு வெகு தூரத்தில் கிளிப்பர்டன் என்று ஒரு பவளத் தீவு. உடைந்த கப்பலிலிருந்து தப்பிய பன்றிகள் அங்கே பெருகி, கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. 1958ல் அங்கே போன பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர், சில நூறு பறவைகள் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்துவிட்டு, தீவில் இருந்த 58 பன்றிகளையும் தானே சுட்டு முடித்தார். அரை நூற்றாண்டு போவதற்குள் பறவைகள் லட்சத்தைத் தாண்டின. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் சான்டியாகோ தீவில் ஆமை முட்டையைத் தோண்டித் தின்ற பன்றிகளை ஒழிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டு பிடித்தது. 18,000க்கு மேல் கொன்று, 2000ல்தான் கடைசிப் பன்றியை முடித்தார்கள்.

ஹவாயில் நடப்பது இன்னும் நுணுக்கம். அங்கே பன்றி மரப்பெரணியின் தண்டைக் குடைந்து மாவைத் தின்னும். குடைந்த குழியில் மழைநீர் தேங்கும், அதில் கொசு முட்டையிடும். அந்தக் கொசு பறவை மலேரியாவைப் பரப்பி, அந்தத் தீவுக்கே உரிய சின்னச் சின்னத் தேன்பறவைகளைக் கொல்கிறது. பன்றி நேரடியாக ஒரு பறவையையும் தொடாமலே இவ்வளவு.

ஆனால் அந்தத் தீவுகளில் பன்றி நேற்று வந்தது. காடும் பறவையும் அதற்குப் பழகவில்லை. அந்தமானிலும் பன்றியை மனிதர்களே படகில் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பழைய குடியிருப்புகளில் சிப்பியும் எலும்பும் குவிந்த மேடுகளைத் தோண்டினால் அடி அடுக்குகளில் பன்றி எலும்பு இல்லாமல் மேல் அடுக்குகளில் வருகிறது என்று அங்கே தோண்டிய இத்தாலிய மானிடவியலாளர் சிப்ரியானி எழுதினார். அப்படியே இருந்தாலும் அது மிகப் பழைய கதை. அதற்கப்புறம் பன்றி, காடு, வில்காரர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் அளந்து வாழப் பழகிவிட்டார்கள். பன்றி கூடினால் வேட்டைக்காரர் கூட அடிப்பார்கள், குறைந்தால் கடலுக்குப் போவார்கள். கிளிப்பர்டனில் துப்பாக்கி செய்த நல்லதை அந்தமானில் வில் எப்போதிருந்தோ செய்துகொண்டிருக்கிறது. நடுவில் நாம் போய்ச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

உண்மையிலேயே பன்றி வேட்டைதான் உங்கள் ஆசை என்றால், ஹவாயில் அது சட்டப்படி நடக்கிறது. வேட்டைக்காரர் பயிற்சிச் சான்றிதழ், உரிமம் எடுத்து, எந்தப் பகுதியில் எந்த முறை என்று விதிப்படி அடிக்கலாம். செலவு பெரிது, ஆனால் அடிக்கும் ஒவ்வொரு பன்றியும் அந்தக் காட்டுக்கு உதவி.

நிக்கோபாரைப் பற்றி இரண்டு வரி. அங்கே பன்றி வீட்டுச் செல்வம். தேங்காய் போட்டு வளர்த்து, இறந்தவர்களின் எலும்பை எடுத்து வைக்கும் பெரிய விழாவுக்கு வெட்டுவார்கள். 2004 சுனாமியில் மனிதர்களோடு பன்றிகளும் கூட்டம் கூட்டமாகப் போயின. பெரிய நிக்கோபாரின் உள்காட்டில் ஷோம்பென் மக்கள் இன்றும் ஈட்டியோடு பன்றிக்குப் போகிறார்கள். 2011 கணக்குப்படி 229 பேர். அங்கே துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று வரும் திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டர் காடு கைமாறுகிறது. சுருக்குக் கம்பியை விடப் பெரிய கம்பி அது என்பது என் கருத்து.

இன்னொரு நடைமுறை விஷயம். ஊரிலிருந்து பன்றிக்கறி, தொத்திறைச்சி எதுவும் தீவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ல் இந்தியாவில் முதலில் அஸ்ஸாம், அருணாசலப் பகுதியில் உறுதியானது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பன்றிக்கு மருந்தே இல்லை. கறியிலேயே அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருந்து ஊர் விட்டு ஊர் போகும். போர்னியோவின் சபாவில் 2021ல் தாடிப்பன்றிகள் காடு காடாகச் செத்துக் கிடந்தன. அவற்றை வேட்டையாடி வாழ்ந்த கிராமங்களுக்குக் கறி நின்றுபோனது.

சரி, டிசம்பரில் கட்டாயம் போங்கள். கடல் தெளிந்திருக்கும் காலம். பாராடங் தீவின் சுண்ணாம்புக் குகைக்கு ஆசைப்பட்டால், ஜிர்காடாங்கிலிருந்து காப்பகம் வழியாக வண்டி வரிசை போகிற சாலையில் போகாமல் படகு வழியைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002லேயே சொன்னது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் அதில் போனால் வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், பிஸ்கட்டோ வாழைப்பழமோ வீசாதீர்கள்.

போர்ட் பிளேரில் ஒரு நாள் மிச்சம் வைத்து மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சின்ன இடம், கூட்டம் இருக்காது. வில் அம்பு வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, நான் சொன்ன அந்தக் கயிறு கட்டிய அம்பைத் தேடுங்கள். முனைக்கும் தண்டுக்கும் நடுவில் எவ்வளவு கயிறு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.